அறுபத்தைந்து அடிப் படகுக்கு ஒரு குளிர்கால இடம்

அக்டோபர் 9

குடியிருக்கும் படகை ரிக்மன்ஸ்வொர்த்துக்கு மேலே கால்வாய்க் கரையில் கட்டியிருக்கிறேன். இன்று பன்னிரண்டாவது நாள். ஒரே இடத்தில் பதினாலு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது கால்வாய்ச் சட்டம்; பதினாலாவது நாள் முளையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஆனால் இன்று லண்டன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. நவம்பர் 20, முழங்கால் ஆபரேஷன். இப்படியொரு முழங்காலை டாக்டர் தன் ஆயுளில் பார்த்ததில்லையாம். (வாயால் அவர் சொன்னது "தேய்ஞ்சிருக்கு" மட்டும்தான். மற்றதை முகத்தில் படித்தேன்.)

கட்டுப்போட்ட காலோடு, படகு ஏறி இறங்கும் மடைகளின் கனத்த கதவைத் தள்ள முடியாது. மார்ச் வரை நகராமல் நிற்க ஓர் இடம் வேண்டும். நகரத்துக்குப் பக்கத்தில், என் பென்ஷன் தாங்குகிற வாடகையில்.

அக்டோபர் 12

நேற்று இரண்டு மடை இறங்கி வந்தேன். ஒற்றைக் காலில். கரையில் நூறு பேர் வேடிக்கை பார்த்தார்கள். சரி, ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும்.

அக்கா மகள் ஜனீன் போன் செய்தாள். "மாமா, படகை வித்துட்டு என்கூட வந்துருங்க. சோபா இருக்கு."

நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல்.

"இடத்துக்கு என்னம்மா பஞ்சம்? மூணு பேர் வந்து கட்டுங்கன்னு கெஞ்சுறாங்க. யாருக்குச் சரின்னு சொல்றதுன்னுதான் யோசனை."

"அப்போ நவம்பர் ஒண்ணாம் தேதிக்குள்ள விலாசம் அனுப்புங்க. இல்லேன்னா படகை விக்கிற விளம்பரத்தை நானே போட்டுருவேன்."

போட்டுவிடுவாள். அக்காவின் ரத்தம்.

அக்டோபர் 15

கால்வாய் நிர்வாகம் வாடகைக்கு விடும் குளிர்கால இடங்களை இன்று காலை பத்து மணிக்குக் கணினியில் முன்பதிவுக்குத் திறந்தார்கள். நூலகத்தில் ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டேன். கடவுச்சொல் மட்டும் நினைவுக்கு வரவில்லை. உள்ளே நுழைந்தபோது லண்டன் பக்கம் எல்லாம் போய், பர்மிங்காம் பக்கம்தான் மிச்சம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நொண்டிக்கொண்டு நூறு மைல்.

அக்டோபர் 17

நகரத்துக்குள் ஒரு படகுத்துறையில் வாடகை கேட்டேன். "வருஷத்துக்குத்தானே?" என்றேன். மாசத்துக்காம். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 19

படகு படகாகக் கரி விற்கும் பெர்னி இரண்டு மூட்டை போட்டுவிட்டுப் போனாள். "யோவ் வில்ஃப், டென்ஹாம் பக்கம் மிஸஸ் பெட்டிஃபர்னு ஒரு அம்மா இருக்காங்க. அவங்க தோட்டம் கால்வாயில வந்து முடியுது. கரை சும்மா கிடக்கு, வாடகையும் கம்மி. போய்ப் பாரு. ஆனா வாயைக் கட்டிக்கிட்டுப் போ."

அக்டோபர் 21

வாயைக் கட்டவில்லை.

ரயிலில் போனேன். அந்த அம்மா முன்னாள் பள்ளித் தலைமையாசிரியை. டீயும் சீரகக் கேக்கும் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. "படகு எவ்வளவு நீளம், மிஸ்டர் ட்ரான்டர்?" என்றார்.

"அறுபத்தஞ்சு அடிங்க." பத்தொன்பது வருடமாக இந்தக் கால்வாய் முழுக்கச் சொல்லிப் பழகியது. நாக்கு தானாகப் போய்விட்டது.

"அடடா. வில்லோ மரத்துக்கும் பாலத்துக்கும் நடுவுல அறுபதுதானே இருக்கு."

படகு ஐம்பத்தேழு. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "பரவாயில்லைங்க, பெரிய படகு வச்சிருந்தா இந்தக் கஷ்டம்லாம் இருக்கத்தான் செய்யும்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டாவது துண்டு கேக்கையும் எடுத்துக்கிட்டு! மடையா, மடையா —

அக்டோபர் 23

ஜனீனிடமிருந்து ஒற்றை வார்த்தை: "விலாசம்?"

அக்டோபர் 25

மறுபடி கிளம்ப வேண்டிய நாள். படகை நேராக டென்ஹாமுக்கு விட்டு, அந்த அம்மாவின் கரையிலேயே கயிற்றைப் போட்டேன். ரோஜாச் செடிகளுக்கு நடுவிலிருந்து வந்தார்.

"இங்க கொள்ளாதுன்னு சொன்னேனே, மிஸ்டர் ட்ரான்டர்?"

"குளிர்ல இரும்பு சுருங்குமுங்க."

"அஞ்சு அடியா?"

"இந்த வருஷம் குளிர் கொஞ்சம் ஜாஸ்திங்க."

வீட்டுக்குள் போய் அளவு நாடாவோடு திரும்பினார். ஒரு முனை என் கையில், மறுமுனை அவர் கையில். அந்த நேரம் பார்த்து பெர்னியும் வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"ஐம்பத்தேழு அடி, ரெண்டு அங்குலம்," என்று பரீட்சை மார்க் மாதிரி வாசித்தார்.

பெர்னி விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்குப் பத்து வருஷமாத் தெரியும்யா! என் படகு எழுபது. மாசம் ரெண்டு தடவை உன் பக்கத்துல கட்டுறேன், கண்ணு தெரியாதா எனக்கு?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"ஐம்பத்தேழுன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்கம்மா," என்றேன். அதற்கு மேல் சோடிக்க ஒன்றும் வரவில்லை.

நாடாவைச் சுற்றிப் பையில் போட்டார். "மார்ச் கடைசி வரைக்கும். ஞாயித்துக்கிழமை எஞ்சின் ஓடக் கூடாது. என் பூனைக்கு மீன் போடக் கூடாது."

ஜனீனுக்கு விலாசம் அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 27

ஆபரேஷன் பிரமாதம். ஐம்பது மாணவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள் (ஐந்து இருக்கும்). படகில் அடுப்பு எரிகிறது. ஜனீன் வந்து தலையணை சரிசெய்தாள், சோபா பேச்சை எடுக்கவில்லை. மிஸஸ் பெட்டிஃபர் வெங்காயத்தாள் சூப் கொண்டுவந்தார். பூனைக்கு மீன் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி 11

வெயில். முன்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கடந்து போன படகுக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்து, "நல்ல படகு! எவ்வளவு நீளம்ணே?" என்றான்.

மூச்சை இழுத்து ஐம்பத்தேழு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக.

அதற்குள் வில்லோ மரத்தடியிலிருந்து, செடி கத்தரித்துக்கொண்டிருந்த மிஸஸ் பெட்டிஃபர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "அறுபத்தஞ்சு. வெயில் காலத்துல இன்னும் நீளும்."