மக போறா, இடது கை விட மாட்டேங்குது

தை, செவ்வாய்
சுனாமியில கடற்கரைச் சனம் போன அடுத்த மாசம். இங்க மலையில பனி. தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகல்.
பள்ளிக்கூடம் போகாதவன் நான். தொழிற்சங்கத்துப் பேப்பர் பாத்துக் கூட்டி எழுதப் பழகுனது. எழுதுறது வலது கை. இடது கை தாளைக் கசக்க வருது. தொடைக்கடியில அமுக்கி வச்சிருக்கேன். தீபாவளி கழிச்சு விறகுக்குப் போய் மயங்கி விழுந்ததுலருந்து இப்படி.

புதன்
டிக்கோயா ஆஸ்பத்திரி. மகளும் வந்தா. கண்டியில எடுத்த தலைப் படத்தை யாழ்ப்பாணத்து டாக்டர் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு.
"ஐயா, மூளை ரெண்டு பாதி. நடுவில ஒரு பாலம். உங்கட பாலம் பழுதாப் போச்சு. கதைக்கிறது ஒரு பாதி, இடக்கையை ஆட்டுறது மற்றது. அந்த மற்றப் பாதியில கவலை வந்தா, கதைக்கிற பக்கத்துக்கு வடிவாத் தெரியாது."
"எனக்கு வர்றது எனக்கே தெரியாதுங்களா?"
"கை என்ன செய்யுதெண்டு பாருங்கோ."
பஸ்ஸுல மக கேட்டா, "நான் குவைத்துக்கு வேலைக்குப் போறது பிடிக்கலயாப்பா?" ஒண்ணுமில்ல தாயி, போயிட்டு வான்னேன். பொய் இல்ல. உள்ள தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. இடது கை அவ முந்தானையைச் சுருட்டிப் பிடிச்சிருந்துச்சு. நோர்வூட்ல எறங்குற வரைக்கும் விடல.

வெள்ளி
லய வீட்டு வரிசையில பக்கத்து காம்பரா மாரியாயி: "முனிதான். மாமா எந்த மரத்தடியில ஒண்ணுக்கு இருந்தாரோ!" சிரிப்பு. நானும் சிரிச்சேன். அவ கூட்டியாந்த கோடாங்கி மந்திரிச்சுக் கட்டுன கயித்தைக் கை அத்து எறிஞ்சிருச்சு.
வாங்கணும்: வெத்தலை, மண்ணெண்ணெய், மகளுக்குத் தைலம்.
வேர்வை கொட்டுது. நெஞ்சு படபடங்குது. எதுக்குனு தெரியல. பொண்டாட்டி செத்தப்ப தெரிஞ்சுச்சு, துக்கம்னு. இது யாரோட நெஞ்சு?

ஞாயிறு
மக கெளம்புற நாள். வாசப்படியில கை அவளைப் பிடிச்சு இழுத்தா சகுனத் தடைனு மாரியாயி என் இடது கையைக் கட்டில் காலோட கட்டிப்புட்டா. சரின்னேன்.
மக திருநீறு பூசிக்கக் குனிஞ்சா. கட்டில் கிறீச்சுனு நகந்துச்சு. கட்டிலையும் இழுத்துக்கிட்டு அவகிட்டப் போவுது கை. அதையே பாத்தேன். அவ முந்தானையை எட்டிப் பிடிச்சுச்சு. மண் சரிஞ்சப்ப என் தம்பி கை என்னை இப்படித்தான் பிடிச்சுச்சு.
"தாயி, எனக்குப் பயமா இருக்கு."
வாய் அப்பத்தான் சொன்னுச்சு.
"ஐயையோ, போற நேரத்துல என்ன பேச்சு மாமா!" மாரியாயி. வெளிய வேன்காரன் ஆரன் மேல ஆரன் அடிக்கிறான்.
மக பையைக் கீழ வச்சுட்டு என் கைக்கட்டை அவுத்தா. "எதுக்குப்பா பயம்?"
சொன்னேன். தம்பி மண்ணுக்குள்ள. மூத்த மகன் காய்ச்சல்ல. வேலைக்குனு கொழும்பு போன சின்னவன் சவப்பொட்டியில வந்தான். உங்கம்மா, லயத்துக்குக் கரண்டு வந்த வருசம். எனக்குனு உசுரோட மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான், ராசம்மா.