விச்சை அடித்து ஹூ என்று எழுதினேன்

என் செல்லத் தங்கச்சி மஞ்சுவுக்கு,

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது. பெரும்பாக்கத்தில் நம் பிளாக்குக்குக் கீழே நடக்கும் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்கு இப்போது நான் தனியாகப் போகிறேன். வீட்டு வேலை செய்கிறவளுக்கு நாற்பத்தைந்து வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அப்போதெல்லாம் நீதான் பதில் சொல்வாய். இப்போது நானே சொல்கிறேன், உன்னைவிடச் சத்தமாக.

வகுப்பில் ஹூவும் விச்சும் நடத்திய அன்று நாம் இரண்டு பேரும் முழித்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

"வந்த பொம்பள, வந்த பஸ்ஸு. நம்ம தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'வந்த'தானேக்கா? இவங்களுக்கு இன்னாத்துக்கு ரெண்டு?" என்றாய். படியேறி வீடு வந்து சேர்வதற்குள் நீயே பிடித்துவிட்டாய். "ஆளுன்னா ஹூ, பொருளுன்னா விச்சு. அவ்ளோதாங்கா மேட்டரு!"

போன மாதம், கோவிலம்பாக்கத்தில் நான் வேலை செய்யும் அடுக்குமாடியில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாதாம். 'மெய்ட்ஸ் விச் கம் ஃபார் வொர்க்' என்று போட்டிருந்தது. விச், மஞ்சு! பேனாவை எடுத்து விச்சை அடித்தேன். மேலே ஹூ என்று எழுதினேன்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாரும்மா இதுல கிறுக்குனது?"

"நான்தான் சார். விச்சு பொருளுக்குப் போடறது. நாங்க ஆளுங்க."

அவர் நோட்டீஸை மறுபடி படித்துப் பார்த்தார். "கிராமர் கரெக்ட்தான். மாத்திடறேன். ஆனா ரூல் ரூல்தான்."

மறுநாள் ஹூ போட்டுப் புது நோட்டீஸ் வந்தது. அதுவும் என்னைப் படியில்தான் ஏறச் சொன்னது. ஆள் என்று ஒப்புக்கொண்ட பிறகும் எப்படி அப்படிச் சொல்ல மனசு வருகிறது? நேராக லிஃப்டுக்குள் போய் ஐந்தாம் மாடி பட்டனை அழுத்தினேன். உள்ளே நின்றது நான் வேலை செய்யும் மூன்று வீடுகளில் ஒரு வீட்டு அம்மா. முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, நானும் அஞ்சாவது மாடிக்குத்தான் போறேன்" என்றேன்.

அந்த அம்மா வீட்டில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டு வீடுகளில் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அங்கே வேலை செய்யும் சாந்தி, ரோஸி எல்லாரும் என்னோடு லிஃப்டில்தான் வருகிறார்கள். செயலாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

பயமாக இல்லையா என்று கேட்பாய். இருக்கிறதுதான். நோட்டீஸும் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் அதை அவர்கள் எடுக்கும் நாள்வரை அந்த மாடிப்படியில் நான் கால் வைக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி அக்கா