இரண்டாவது காருக்கு ஆள்

திருப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

ராஜ்கமல் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய எனக்கு ஆவல் ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன். ரைசா முறை தெரியாதவள் என்று நாளைக்கு நீங்கள் சொல்லக் கூடாது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நடுநடுவே "அண்ணி, கேளுங்க அண்ணி" என்று குழைந்து என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அடுத்த நிமிஷம் என் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நம் ரேஸ் டீம் முதலாளி நாளைக்கு உங்கள் மலேசியா டீமுக்கு கூரியரில் டி-சர்ட் சாம்பிள் அனுப்புகிறார். அதில் உங்கள் பெயர் போட்ட சட்டைக்குள் இதை மடித்து வைக்கிறேன். நான் எழுதுவது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இங்கே தொழில் சுமார்தான். ஆர்டர் வருவது போல வந்து கையெழுத்தாகிற நேரத்தில் நின்றுவிடுகிறது. வாப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் குடோனை முழுக்க நானே பார்த்துக்கொள்கிறேன். மகள் மஹ்னூர் ஸ்கூலுக்குப் போகிறாள். ராஜ் மாமா எப்போது வருவார் என்று கேட்கிறாள். மாமாவுக்கு இந்த ஊர் மறந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இவர் எங்கள் குடோன் வேனில் காடாத் துணி ஏற்றிக்கொண்டு சாயப் பட்டறைக்கும் காம்பாக்டிங் பட்டறைக்கும் போய்வருகிறார். ரேஸில் முறிந்த மணிக்கட்டு சேர்ந்துவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் வலிக்கிறது என்கிறார். உங்களிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் கூப்பிட்டீர்கள். கை எச்சில் என்பதால் இவர் ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணா, ரெண்டாவது காருக்கு ஆள் வேணுமுங்க. பின்னால நீங்க நின்னா எனக்குத் தைரியமா இருக்குமுங்க" என்றீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இவருக்கு இறங்கியது. போதும் போதும் என்று எழுந்து போகிறவர், அன்றைக்கு ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டார். அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் பதில் சொல்வதாக உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

பின்னால் நின்றால் தைரியமாக இருக்குமாம். அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு நாக்கு எப்படி வந்தது? ஒரு தடவை பின்னால் நின்றவர் எப்படித் திரும்பி வந்தார் என்று நீங்கள் பார்த்தீர்களா? பரிசு வாங்கி ஷாம்பெயினைப் பீய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மறந்துபோச்சுங்க அண்ணி என்று நீங்கள் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

நம் போட்டியின் விதி, தகுதிச் சுற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் ஊற்றுகிறோமோ அதே எடையோடுதான் ரேஸையும் தொடங்க வேண்டும். குறைவாக ஊற்றினால் கார் லேசாகி வேகமாகப் போகும், முதல் வரிசையில் இடம் கிடைக்கும். ஆனால் ரேஸில் சீக்கிரமே பெட்ரோல் போட ஓரத்திலுள்ள பிட்டுக்குள் வர வேண்டும், திரும்ப வெளியே வரும்போது கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதனால்தான் வருஷம் முழுவதும் மாறி மாறிப் போனீர்கள். ஒரு போட்டியில் இவர் கார் லேசு, அடுத்ததில் உங்கள் கார் லேசு. அதில் யாருக்கும் சண்டை வந்ததில்லை.

கடைசிப் போட்டியில் வழக்கப்படி இவருடைய முறை. அதற்குத்தான் மலேசியா டீம்காரர் ஆள் எடுக்க வந்தார், ஒரே ஒரு இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு. முறை பார்த்தால் எனக்கு அநியாயம், இந்த ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே எடையில் போவோம் என்று முதலாளியிடம் போய் நின்றது நீங்கள். இவரும் தலையை ஆட்டினார். தகுதிச் சுற்றில் யார் முன்னால் வருகிறாரோ அவரை மற்றவர் முந்தக் கூடாது, பின்னால் வருகிறவர்களைத் தடுத்து நிற்க வேண்டும், டீம் கோப்பையும் நமக்கு வேண்டும் என்று மேனேஜர் அப்புசாமி அண்ணன் சொன்னார். அதற்கும் இவர் தலையை ஆட்டினார். ஆக, தகுதிச் சுற்றுதான் எல்லாம்.

பெட்ரோல் எடை போடுவது எப்போதும் என் வேலை. தராசும் எங்கள் குடோன் தராசுதான். ரைசா அண்ணி போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எல்லோர் முன்னாலும் நீங்களே சொன்னீர்கள். காலி பிளாஸ்டிக் கேனைத் தராசில் வைத்து ஜீரோ அழுத்தினேன். பிறகு நிரப்பிய கேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் பனியன் துணியில் உறை. வெயிலில் பெட்ரோல் சூடாகாமல் இருக்க, எடை போட்டதும் தண்ணீரில் நனைத்து வைப்பதற்காக நானே ரிப் துணிக் கழிவில் தைத்த உறைகள். இரண்டு காருக்கும் தராசு ஒரே எண்ணைக் காட்டியது. நான் சத்தமாகப் படித்துச் சொன்னேன்.

மார்ச்சில் பிட் சாமான்கள் குடோனுக்குத் திரும்பி வந்தன. துவைக்கலாம் என்று உறைகளைக் கழற்ற, ஒவ்வொரு கேனாகத் தூக்கினேன். உங்கள் காருக்கு வந்த இரண்டும் கையை இழுத்தன. உறைக்குள் இரும்புக் கேன். கேன் கனத்த அளவுக்கு உள்ளே பெட்ரோல் குறைவு.

சோமனூரில் உங்கள் அப்பாவின் நூல் கடையில் வளர்ந்தவர் நீங்கள். கனமான கோனில் நூலைச் சுற்றி, லேசான கோனின் எடையைக் கழித்துக் கணக்கு எழுதுகிற திருட்டு உங்களுக்குப் புதிதா? எனக்கும் புதிதில்லை. எந்த வியாபாரி நூல் அனுப்பினாலும் முதலில் வெறுங்கோனைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பேன். உங்கள் கேனைப் பார்க்கவில்லை. வியாபாரிகளைத்தான் சோதிக்க வேண்டும், வீட்டில் கை நனைத்தவனையுமா சோதிப்பது என்று இருந்துவிட்டேன். பெட்ரோல் ஊற்றிய தங்கதுரை உங்கள் ஊர்க்காரர். அவரும் வாயைத் திறக்கவில்லை.

தகுதிச் சுற்றில் லேசான காரில் நீங்கள் முதலிடம், கனத்த காரில் இவர் இரண்டாமிடம். ரேஸில் நீங்கள் பறந்தீர்கள். சொன்ன சொல்லுக்காக இவர் பின்னால் இருந்த அத்தனை கார்களையும் தடுத்துக்கொண்டு ஓட்டினார். போன வேகத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நீங்கள் சீக்கிரமே பிட்டுக்குள் வந்து போட்டுக்கொண்டு வெளியே போனபோதும் உங்களுக்கு முன்னால் ஒரு கார் இல்லை. எல்லாக் கார்களும் இவர் முதுகுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு கிடந்தன. இவர் டயர் தேய்ந்து போனது. கடைசி வளைவில் எவனோ இடித்தான், சுவரில் போய் மோதினார். உங்களுக்குக் கோப்பை, மலேசியா. இவருக்கு மாவுக்கட்டு, வேன்.

மார்ச்சிலிருந்து இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு வெந்துபோனேன். இவரிடம் சொல்லவில்லை. மனுஷன் உடைந்துவிடுவார் என்று பயம். புதன்கிழமை நீங்கள் கூப்பிட்ட பிறகு பொறுக்க முடியவில்லை. நேற்று குடோனுக்குக் கூட்டிப் போய் அந்தக் கேனை அவர் கையில் கொடுத்தேன். தூக்கிப் பாருங்கள் என்றேன். கத்துவார், உங்களுக்குப் போன் போட்டுக் கிழிப்பார், இத்தோடு உறவு முடிந்தது என்று நினைத்தேன்.

தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். "கேன்லயா பண்ணினான்? எப்படிப் பண்ணினான்னுதான் எனக்குத் தெரியாம இருந்துச்சு" என்றார்.

தம்பி, அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரேஸ் தொடங்கி முதல் இரண்டு மூன்று சுற்றிலேயே தெரிந்திருக்கிறது. ஒரே எடையுள்ள கார் அந்த வளைவில் அப்படித் திரும்பாதாம். தெரிந்த பிறகும் ஏன் தடுத்து நின்றீர்கள், விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். நின்னுக்கறேன்னு சொல்லியிருந்தேனே என்றார். பிறகு, அவன் ஜெயிச்சா நம்ம ஊரு ஜெயிச்ச மாதிரிதானே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கேனை எட்டி உதைத்தேன். கால் கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கிறது.

அவரை நீங்கள் ஏமாற்றவே இல்லை. என்னைத்தான் ஏமாற்றினீர்கள், என் தராசில், என் வாயாலேயே எடையைச் சொல்ல வைத்து. அதனால் மன்னிக்க வேண்டியவள் நான். நான் மன்னிக்கவில்லை.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டார். கூப்பிட்டால் வந்துவிடுவார். அங்கேயும் கனத்த கார் அவருக்கு, லேசான கார் உங்களுக்கு என்றுதான் இருக்கும், அதற்கும் தலையை ஆட்டுவார். போகாதீர்கள் என்று நான் சொன்னால் போக மாட்டார்தான். ஆனால் சாகும்வரை வேன் ஓட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதை என்னால் தாங்க முடியாது.

அதனால் கேட்கிறேன். உங்களிடம் இனி எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தவள் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அவரைக் கூப்பிட்டு, அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்வது உங்களுக்குக் கஷ்டமில்லை. எனக்காக ஒன்று சொல்லுங்கள்.

உங்களுக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். பத்திரமாக ஓட்டுங்கள். உங்களுக்கு ஒன்று என்றால் இவர் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவார்.

இப்படிக்கு,
தௌபிக் மனைவி,
ரைசா