ஈஸ்டர் அன்று சொல்லாதது

ஃப்ளீட்வுட்
ஜனவரி 9

அன்புள்ள தம்பி ஸ்டூவர்ட்டுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, பெத்தனி உயிரோடுதான் இருக்கிறாள். வீட்டில் இணையத்தைத் துண்டித்துவிட்டேன். என் போனையும் பக்கத்து வீட்டு மேவிஸிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். அவசரமென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூப்பிடுவார்கள். அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவளை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பெண், தூக்கி உட்காரவைத்தால் கையில் கனமே தெரியவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் இருநூறு பிள்ளைகளுக்குத் தட்டு நிறைய மீனும் பட்டாணியும் வைக்கிறேன். என் பிள்ளைக்கு ஒரு கரண்டி கொடுக்க முடியவில்லை.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போட வேண்டிய கவுன் இறுக்கமாக இருந்ததென்று, உடம்பைக் குறைப்பது எப்படி என ஒரே ஒரு தடவை தேடியிருக்கிறாள். அதன்பிறகு அவள் தேடவேயில்லை. அவள் போனிலிருந்த வீடியோச் செயலியே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. எலும்பு தெரியும் பெண்கள், பட்டினி கிடப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெண்கள், காலையிலிருந்து ராத்திரிவரை.

இப்போது ஒரு நாடாளுமன்றக் குழு இதைப் பற்றி விசாரிக்கிறது. பிள்ளைகளுக்கு எந்த வீடியோவைக் காட்டுவது என்று தானாகவே முடிவுசெய்யும் இந்த முறையைக் கட்டுப்படுத்தும் விதியை அரசாங்கம் ஏன் இரண்டு வருடம் தள்ளிப்போட்டது என்பதுதான் கேள்வி. பிப்ரவரி 12 அன்று நான் சாட்சி சொல்லப் போகிறேன். அந்த விதியைப் போட வேண்டிய அமைச்சகத்தில்தான் நீ வேலை பார்க்கிறாய். நான் என்ன சொன்னால் அவர்கள் காதில் விழும்?

அன்புடன்,
லோர்னா

*

லண்டன்
ஜனவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ரயிலில் படித்துவிட்டு இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். பெத்தனிக்கு என் முத்தங்கள்.

குழுவில் நிதானமாகப் பேசு. உன் பெயர், உன் ஊர், உன் மகள் வயது, இவற்றைச் சொல்லி ஆரம்பி. யாரையும் திட்டாதே. திட்டினால் பத்திரிகைகள் உன் கோபத்தை எழுதும், நீ சொன்ன விஷயத்தை விட்டுவிடும்.

விதியைத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், நிறுவனங்களோடு கலந்துபேச அவகாசம் வேண்டும் என்பது. அரசாங்கத்தின் பதில் அதுதான். அதற்குமேல் எழுத எனக்கு அனுமதியில்லை. நீயும் என்னைக் கேட்காதே.

இப்படி எத்தனை பிள்ளைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்று அமைச்சகமே எப்போதாவது ஆராய்ந்து பார்த்திருக்கிறதா என யாராவது கேட்டால் நல்லது. யாராவது கேட்க வேண்டும். நான் சொன்னேன் என்று இருக்க வேண்டாம்.

கையுறை இல்லாமல் வேலைக்குப் போகாதே. போன குளிரில் உன் கை வெடித்திருந்தது ஞாபகமிருக்கிறது.

என்றும் உன்
ஸ்டூவர்ட்

*

ஃப்ளீட்வுட்
ஜனவரி 24

ஸ்டூவர்ட்,

சின்ன வயதிலும் நீ இப்படித்தான். ஜன்னலை உடைத்துவிட்டு, "கண்ணாடி உடைஞ்சிருக்கான்னு யாராவது பாக்கணும்"னு வந்து நிற்பாய்.

நேற்று பெத்தனியின் நாடித்துடிப்பு மிகவும் குறைந்துவிட்டது. கருவி கத்தியது, மூன்று நர்ஸுகள் ஓடிவந்தார்கள். அடங்கியபிறகு அவள் கேட்டது என்ன தெரியுமா? "என் போன் எங்கம்மா?"

"அது உன்னைக் கொல்லுதுடி."

"அந்தப் பொண்ணுங்களுக்கு மட்டுந்தான் என்னைப் புரியுது. நீ சும்மா சாப்பிடு சாப்பிடுங்கிற."

எனக்கு அறிவுரை போதும். அமைச்சகம் ஆராய்ந்து பார்த்ததா இல்லையா? ஒரே வார்த்தையில் எழுது.

லோர்னா

*

லண்டன்
ஜனவரி 30

அக்கா,

பார்த்தது. பார்த்தவன் நான்தான்.

பதினான்கு வயதுப் பெண்கள் என்று பொய்யாகப் பதிவுசெய்து நூறு கணக்குகளைத் திறந்தோம். ஒவ்வொன்றிலும் உடல் எடை பற்றி ஒரே ஒரு தடவை தேடினோம். பிறகு திரையைத் தள்ளிக்கொண்டே போனோம், அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலான கணக்குகளில் நீ சொன்ன அதே வீடியோக்கள். அறிக்கை எழுதி அமைச்சருக்கு அனுப்பினேன். "இப்போது வேண்டாம்" என்று திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை.

அனுப்பியது போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய வாரம். அந்த ஈஸ்டர் ஞாயிறன்று உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். பெத்தனி ஆட்டிறைச்சியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மேசைக்கு அடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். உள்ளே இருந்தால்தான் எதையாவது மாற்ற முடியும் என்றும் நினைத்தேன். தயவுசெய்து இதைப் படித்ததும் எரித்துவிடு.

ஸ்டூவர்ட்

*

ஃப்ளீட்வுட்
பிப்ரவரி 14

ஸ்டூவர்ட்,

எரிக்கவில்லை. நேற்று முன்தினம் அது என் கைப்பையில் இருந்தது.

காலையில் நான் பேசினேன். நீ சொன்னபடி பெயர், ஊர், வயது. பிறகு கருவி கத்திய அந்த நாளைச் சொன்னேன். குழுத் தலைவி எழுந்து வந்து என் பக்கத்தில் தண்ணீர் டம்ளரை வைத்தார். "மத்தியானம் அமைச்சர் வர்றார். அவர்கிட்ட நான் என்ன கேக்கணும், சொல்லுங்க" என்றார்.

"பிள்ளைங்க என்ன ஆகுதுன்னு அவங்களே ஆராய்ஞ்சு பாத்தாங்களான்னு கேளுங்க" என்றேன்.

மத்தியானம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். அமைச்சருக்குப் பின்னால் நீ இருந்தாய். தலைவி கேட்டார். அமைச்சர் திரும்பிப் பார்த்தார். நீ ஒரு சீட்டில் எழுதி முன்னால் நீட்டினாய். அதைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "அப்படி எந்த ஆய்வும் முடிக்கப்படவில்லை."

கைப்பையைத் திறந்தேன். கடிதத்தைத் தொட்டேன். எழுந்து கத்தியிருக்கலாம். நீ என் தம்பி என்பதால் மூடிவிட்டேன். என் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு, உன் வேலையைக் காப்பாற்றினேன். அதற்காக என்னையே என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் தாழ்வாரத்தில் ஓடிவந்து, "அக்கா, ஒரு டீ குடிக்கிறியா?" என்றாய். நான் நிற்காமல் ரயிலுக்குப் போனது கோபத்தினால் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அன்று ஈஸ்டரில் உன்னிடம் யாரும் அறிக்கையைக் கேட்கவில்லை. "அக்கா, அந்தப் போனை வாங்கி வை." ஐந்து வார்த்தை. அதில் எந்த அரசாங்க ரகசியம் இருக்கிறது?

லோர்னா

*

லண்டன்
பிப்ரவரி 21

அக்கா,

சீட்டில் நான் எழுதியது: "முடிக்கப்படவில்லை என்று சொல்லலாம்." கையெழுத்து இல்லாத அறிக்கை முடியாத அறிக்கைதானே. இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

நேற்று முழு அறிக்கையையும் குழுத் தலைவிக்கு அனுப்பிவிட்டேன், என் பெயரோடு. இன்று காலை என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை இருக்கிறது. நாளை பத்திரிகையில் வரும், நீ பயப்படாதே.

பெத்தனியைப் பார்க்க வரலாமா? கதவுக்கு வெளியே நின்று பார்த்தால்கூடப் போதும்.

ஸ்டூவர்ட்

*

ஃப்ளீட்வுட்
மார்ச் 6

ஸ்டூவர்ட்,

குழுத் தலைவி கடிதம் எழுதியிருந்தார். அமைச்சர் மறுபடி வந்து, சொன்னதைத் திருத்திக்கொண்டாராம். இனியும் விதியைத் தள்ளிப்போட முடியாது, இலையுதிர் காலத்துக்குள் வந்துவிடும் என்று தலைவி நம்புகிறார். உன் தைரியத்தைப் பாராட்டியிருக்கிறார். அவர் பாராட்டலாம். என்னால் முடியாது.

இலையுதிர் காலம்வரை பெத்தனி இருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "இந்த வாரத்தைப் பாப்போம்" என்றார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

வார்டில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"மாமாவுக்கு அப்பவே தெரியுமாம்மா?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "தெரியும்" என்றேன். பத்திரிகையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு, "அப்ப ஏன் சொல்லல? நீ கேட்டு எழுது" என்றாள்.

போனைத் தவிர வேறு எதையாவது அவள் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ வர வேண்டாம். எனக்கும் எழுத வேண்டாம். அவளுக்குப் பதில் எழுது. அவள் புத்திசாலி, அமைச்சருக்கு எழுதிக் கொடுப்பதுபோல் எழுதிவிடாதே.

லோர்னா

*

லண்டன்
மார்ச் 8

அன்புள்ள பெத்தனி,

வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வேறு காரணங்களும் இருந்ததுபோல் உன் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். அவற்றை நம்பாதே.

உன் கேள்விக்கு இதுதான் பதில். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேள். எத்தனை கேள்வியானாலும், அம்மாவைக் கொண்டு எழுதினாலும், நீயே எழுதினாலும், உடனே பதில் போடுவேன்.

உன்
ஸ்டூவர்ட் மாமா