முறுக்கு டப்பாவில் வந்த பட்டுக்கூடு

அன்பு அப்பாவுக்கு, ஜப்பானிலிருந்து தரணி. நான் சுகமுங்க. உங்கள் முழங்கால் வலி தேவலையா? புழுக்கள் தழையை நன்றாகத் தின்கின்றனவா?

நீங்கள் அனுப்பிய பட்டுக்கூடுகள் வந்தன. திறந்ததும் நம் ஊட்டு வாசம்! சந்தோஷத்தில் வேறெதையும் யோசிக்கவில்லை. புரதத்தின் அமைப்பைப் பார்க்க அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், பட்டில் இருக்கவே கூடாத ஒரு கோடு எழும்பி நின்றது. புதுவகைப் பட்டோ என்று பேராசிரியரே துள்ளினார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"முறுக்கு வெச்ச டப்பாதான் கண்ணு. நல்லாத் தொடைச்சுத்தான் போட்டேன்!"

தேங்காயெண்ணெய்! ஆய்வகமே சிரித்தது. அந்தக் கோட்டின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை கூடுகளைத் துணிப்பையில் அனுப்புங்க. டப்பாவில் முறுக்கே வரட்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எண்ணெய்க் கூடுகளையெல்லாம் கழுவிவிட்டேன். ஒன்றை மட்டும் கழுவ மனம் வரவில்லைங்க.

உங்கள் தரணி