யுஸ்தினாவின் ஆறு தொட்டிகள்

1988 அக்டோபர் 23
இரவில் தண்ணீர் உறைய ஆரம்பித்துவிட்டது. இலை உதிர்ந்த ஆறு ரோஜாத் தொட்டிகளையும் வாசில் இன்று கராஜுக்குள் தூக்கிப்போய், சாக்கு சுற்றி வைத்தார். எல்லாம் இவரோட மூத்த தாரம் யுஸ்தினா நட்டவை. அவள் செத்துப் பதினோரு வருஷம்; நான் இவருக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷம். சாக்கைப் பிடித்துக் கொடுக்கப் போனேன்.
"நீ கைய வைக்காத. போய் உன் பொம்மைகளுக்குத் தலை சீவு."

நவம்பர் 13
வின்னிபெக் நகரத்தில் தங்கை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால், கண்ணாடி அலமாரி காலி. நாற்பத்தொரு பொம்மைகள். சர்ச் சந்தைக்குக் கொடுத்துவிட்டாராம்.
"அறுபது வயசுல பொம்மை என்னடி பொம்மை? ஊரே சிரிக்குது."
அம்மா சட்டை தைத்துப் போட்ட பீங்கான் முகக்காரி — அவளுமா? அவளும்தான். சர்ச்சுக்கு ஓடினேன். எல்லாம் விற்றுப்போயிருந்தது.

நவம்பர் 14
காலி அலமாரியின் கண்ணாடியைத் துடைத்து வைத்தேன்.

டிசம்பர் 19
வாசிலுக்குப் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கோணிய வாயோடு முதலில் சொன்னது: "தொட்டிக்கு... மாசம் ஒரு குவளை தண்ணி. கராஜ் கதவு மூடியே இருக்கட்டும்." நீ சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை? ம்ஹும்.

1989 ஜனவரி 8
வெளியே மைனஸ் முப்பத்தாறு. சாக்குகளை அவிழ்த்தேன். கராஜ் கதவை முழுக்கத் திறந்து விட்டுவிட்டு, உள்ளே வந்து டீ குடித்தேன்.

ஜனவரி 10
கதவை மூடினேன். சாக்குகளை அவர் போடுகிற முடிச்சாகவே போட்டுக் கட்டினேன்.

ஏப்ரல் 16
நாளை வாசில் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறார். செடிகளின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஐந்தில் உள்ளே பழுப்பு. மூலையில் இருந்த ஒன்றில் மட்டும் பச்சை. சனியன், அதற்கு என்ன உயிர்! பக்கத்து வீட்டு ஐரீனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.
"நல்ல செடிய யாராவது குடுப்பாங்களா, நத்தால்கா?"
"எடுத்துக்கோயேன். எனக்கு வைக்க இடமில்ல."

மே 21
ஐந்து தொட்டிகளையும் அவர் ஜன்னலுக்கு நேரே வரிசையாக வைத்திருக்கிறேன். ஆறாவது வெடித்துவிட்டதாகச் சொன்னேன். தினமும் அவர் பார்க்கத் தண்ணீர் ஊற்றுகிறேன்.
"துளிர் வந்துச்சா?"
"நாளைக்கு வரும்."
இன்று அழுதார். "நான்தான் லேட்டா உள்ள எடுத்து வச்சுட்டேன் போல. பாவி நான்."
இல்லை என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினேன்.

ஜூலை 2
ஐரீன் வீட்டு வாசலில் ரோஜா பூத்திருக்கிறது. அடர்சிவப்பு. வாசில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"யுஸ்தினா செடி மாதிரியே இருக்கு."
"கடையில வாங்கினதாம்."
தலையாட்டினார். "குளிருக்கு முன்னாடியே உள்ள எடுத்து வைக்கச் சொல்லு அவகிட்ட. என்னை மாதிரி கொன்னுடப்போறா."
சரி என்றேன். சூப் ஆறிப்போயிருந்தது. அப்படியே ஊட்டிவிட்டேன்.