முருங்கைத் தோட்டத்து நோட்டும் பதினான்கு தகப்பன்மாரும்

அனுப்புநர்:
திருமதி இராசமலர் கந்தப்பு,
பதிவு பெற்ற மருத்துவச்சி,
கெர்பாவ் ரோடு, சிராங்கூன் வட்டாரம்,
சியோனான்.

பெறுநர்:
வட்டாரத் தலைமை அதிகாரி அவர்கள்,
சியோனான்.

பொருள்: வட்டார அலுவலக எழுத்தர் திரு. தில்லையம்பலம் என்னிடம் நம்பிக்கையாகப் பெற்ற நோட்டைக் கொண்டு பதினான்கு ஆண்களை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக் கொடுத்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இவ்வட்டாரத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பிள்ளைப்பேறு பார்த்து வருகிறேன். என் கணவர் சென்ற ஆண்டு பிப்ரவரியில், சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்கு மாறிச் சியோனான் ஆன வாரத்தில், வீட்டு வாசலில் காலமானார். அதைப் பற்றி இம்மனுவில் முறையிடவில்லை.

1. அதன்பின் மருந்துக் கடைகள் காலியாயின. மரவள்ளிக் கிழங்கையே மூன்று வேளையும் உண்ட கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கிற்று; பொழுது சாய்ந்தால் சிலருக்குக் கண் தெரியவில்லை; பெற்றவர்களுக்குப் பால் சுரக்கவில்லை. என் பையில் கத்தரிக்கோலும் நூலும் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே கெர்பாவ் ரோட்டின் பின்னால், மாட்டுக் கொட்டகை இடிந்து கிடந்த நிலத்தில் முப்பது முருங்கைப் போத்துகளை நட்டேன். கைப்பருமனான அந்தக் கிளைகளை என்னோடு சுமந்து வந்து குழி தோண்டியவர் திரு. தில்லையம்பலமே. அவர் என் கணவரின் பள்ளித் தோழர். எங்கள் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து இட்டவர்.

2. முருங்கை காத்திருக்க வைக்கும் மரம் அன்று. இரண்டு மாதத்தில் தழைத்தது. எட்டு மாதத்தில் என் தலைக்கு மேல் போயிற்று. இலையைக் கஞ்சியில் இட்டும், நிழலில் உலர்த்திப் பொடித்தும் தாய்மாருக்குக் கொடுத்தேன். நான் டாக்டர் அல்ல. எல்லா நோயும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலருக்கு வீக்கம் வடிந்தது, பால் ஊறியது. திரு. தில்லையம்பலத்தின் மனைவி லீலாவும் அவர்களில் ஒருவர். அவருடைய மகன் இன்று தவழ்கிறான்.

3. யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்பதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தேன். தாயின் பெயர், வீட்டு எண், கணவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதினேன். வந்து இலை பறித்துப் போக வீட்டில் ஆள் உண்டா, நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்று அறிவதற்காக, "கணவர் திடகாத்திரம், தற்போது வேலை இல்லை" என்றும் சில பக்கங்களில் குறித்தேன். ஐயா, அந்தச் சொற்களை எழுதியது என் கைதான்.

4. இவ்வாண்டு ஏப்ரலில், காலி நிலம் அனைத்திலும் மரவள்ளி நடவேண்டும் என்று உத்தரவு வந்தது. திரு. தில்லையம்பலம் என் வீட்டுக்கு வந்து, மரங்கள் வெட்டுப்படாதிருக்க அவற்றால் ஊருக்கு ஆகும் பயனை அலுவலகத்தில் காட்ட நோட்டு வேண்டும் என்று கேட்டார். நான் சற்றுத் தயங்கினேன். "நான் இருக்கிறன்தானே தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதையும்" என்றார். தேநீர் கொடுத்து, நோட்டையும் கொடுத்தேன்.

5. மே 12ஆம் தேதி, அரிசி அட்டை திருத்த வேண்டும் என்று சொல்லிப் பதினான்கு ஆண்கள் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கிருந்தே லாரியில் ஏற்றப்பட்டார்கள். மூன்று மாத வேலை என்று பெண்களுக்குப் பிறகு சொல்லப்பட்டது. பதினால்வரும் என் நோட்டில் "திடகாத்திரம்" என்று குறிக்கப்பட்டவர்கள். அழைத்த வரிசையும் நான் எழுதிய வரிசை. ஒருவருடைய பெயரை நான் தவறுதலாக அவர் தம்பியின் பெயராக எழுதியிருந்தேன். அலுவலகத்திலும் அதே தவறான பெயரைச் சொல்லியே அவரைக் கூப்பிட்டார்கள்.

6. அன்று மாலையே திரு. தில்லையம்பலத்திடம் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "பதினாலு பேர் வேணும் எண்டு கேட்டவை. குடுக்காட்டில் என்ரை பேர்தான் போகும். உம்மடை மரம் நிக்குதுதானே" என்றார். உண்மைதான். மரங்கள் நிற்கின்றன. வெட்டக் கூடாது என்று பலகையும் வைத்திருக்கிறார்கள்.

7. மறுநாள் நான் இலை கொண்டுபோன முதல் வீட்டில், இருபது நாள் பிள்ளைக்காரி ஒருத்தி முறத்தோடு வாங்கிச் சாக்கடையில் கொட்டினாள். "எம் புருஷன் பேரை எழுதிக் குடுத்துட்டு இப்ப கீரை குடுக்க வந்தியா?" என்றாள். பிறகு எந்த வீட்டுக் கதவும் எனக்குத் திறக்கவில்லை. அவளுக்குக் கால் மீண்டும் வீங்கியது, பால் வற்றியது. ஆடி ஏழாம் நாள் அந்தக் குழந்தை இறந்தது. அதை அடக்கம் செய்யவும் என்னை அழைக்கவில்லை. தெரு முனையில் நின்று பார்த்தேன்.

8. சென்ற வாரம் லீலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அக்கா, அந்த நோட்டு எங்கட வீட்டு மேசையிலை கிடந்தது. எங்கட பக்கத்தை மட்டும் கிழிச்சு அடுப்பிலை போட்டவர்" என்று சொல்லி அழுதார். தாங்கள் விசாரித்தால் தம் கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் இசைந்துள்ளார். லீலாவுக்கு எத்தீங்கும் நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பாதிக்கப்பட்டோர் பெயர்களை மனுவில் இணைக்க வேண்டும் என்று அலுவலக வாசலில் சொன்னார்கள். மன்னிக்கவும். இனி எந்த அலுவலகத்துக்கும் ஒருவர் பெயரையும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். நோட்டு தங்கள் கட்டடத்திலேயே இருக்கிறது.

என்மீதுள்ள பழியை நீக்கி அறிவிப்பு ஒட்டுமாறு கேட்கலாம் என்று முதலில் நினைத்திருந்தேன். அதைக் கேட்கவில்லை. என்னைக் கேட்காமலே கொடுத்தவர் அவர். யோசிக்காமலே எழுதியவள் நான். நான் கேட்பது வேறு. சொன்ன மூன்று மாதம் வரும் 12ஆம் தேதி முடிகிறது. அந்தப் பதினால்வரையும் சொன்னபடி திருப்பி அனுப்ப ஆவன செய்ய வேண்டும். அவர்களில் எவரேனும் இல்லையெனில், அதையும் மறைக்காமல் அவர் மனைவியிடம் தமிழில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் தத்தம் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், ஐயா.

இம்மனுவை எழுதியதற்காக என்னை அழைத்தால், ஒளியாமல் வருவேன்.

இடம்: சியோனான்
நாள்: ஜப்பானிய ஆண்டு 2603 (1943) ஆகஸ்ட் 9, சுபானு ஆண்டு, ஆடி 24

உண்மையென உறுதிகூறி,
இராசமலர் கந்தப்பு